சாரல் ராத்திரியில் கார் விளக்கு: அன்றும் இன்றும்

ஆனி பிறந்து குற்றாலம் பேரருவியில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: “அண்ணாச்சி, ஹெட்லைட்டு பத்த மாட்டேங்கு. இதைவிட பவரா ஒரு பல்பு இருந்தா போட்டுத் தாங்க.” சீசனுக்கு வருகிற கார்கள் நிறைய ராத்திரியில்தான் வருகின்றன. மதுரையோ விருதுநகரோ தூத்துக்குடியோ, எங்கிருந்து கிளம்பினாலும் சனிக்கிழமை வேலை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைப் பின்சீட்டில் தூங்கப் போட்டுக்கொண்டு புறப்பட்டால்தான், கூட்டம் சேருமுன் அருவியில் தலை நனைக்க முடியும்.

கேட்பது நியாயமான கேள்விதான். கடையநல்லூர் தாண்டும்போதே காற்றில் ஈரம் ஏறிவிடும். தென்காசி எல்லைக்குள் நுழையுமுன் கண்ணாடியில் பொடித்தூறல் படியும். மழை என்றும் சொல்ல முடியாது, மழை இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தச் சாரலில் தார்ச்சாலை கறுத்துக் கிடக்கும். விளக்கு கொட்டுகிற வெளிச்சத்தை அப்படியே விழுங்கும். வெள்ளைக்கோடு மறைந்துவிடும். ஓரமாக நடந்து போகிறவர் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படுவார். ஆகவே வெளிச்சம் போதவில்லை என்று ஓட்டுகிறவருக்குத் தோன்றுவது பிரமை அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்குக் கடைகள் கொடுத்துவந்த பதில் என் நினைவுக்குள்ளேயே இரண்டு மூன்று முறை மாறிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் வெளிச்சம் கூடியிருக்கிறது. பார்வை கூடியிருக்கிறதா என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிற விஷயம்.

இந்தச் சாலையில் ஒரு காலத்தில் விளக்கு என்பது வண்டிக்கு அடியில் தொங்கியது. மாட்டுவண்டியின் அச்சுக்குக் கீழே ஓர் அரிக்கேன் விளக்கு, அவ்வளவுதான். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலை ரயில் ஓடத் தொடங்கியது 1904இல். தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, குற்றாலம் வரைக்குமான மிச்சத் தூரத்தைக் குதிரைவண்டியிலோ வில்வண்டியிலோ கடந்தவர்கள் பல தலைமுறை. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்து, ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிவந்த நாட்களில்கூட, ஊர் எல்லை தாண்டினால் சாலை இருட்டுதான். பாபநாசம் நீர்மின் நிலையமே 1944இல்தான் வந்தது. அந்த அரிக்கேன் விளக்கு வண்டிக்காரருக்கு வழிகாட்டியதில்லை. வழி மாட்டுக்குத் தெரியும். எதிரே வருகிறவருக்கு ‘இங்கே ஒரு வண்டி வருகிறது’ என்று சொல்லத்தான் அது எரிந்தது.

மோட்டார் வந்த பிறகுதான் விளக்கு முன்னால் பார்க்கத் தொடங்கியது. முதலில் கால்சியம் கார்பைடு கட்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, கிளம்புகிற அசிட்டிலீன் வாயுவை எரித்தார்கள். 1912இல் காடிலாக் கார் மின்விளக்கையும் மின்ஸ்டார்ட்டரையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. பின்னால் மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். ஒரே பல்புக்குள் இரண்டு இழை வைத்து, ஒன்று தூரத்துக்கு, ஒன்று கிட்டத்துக்கு என்று பிரித்தது 1920களில். அன்றைக்குத் தொடங்கிய பிரைட், டிம் என்ற இரட்டை இன்றுவரை மாறவில்லை.

நம் ஊர்க்காரர்களின் நினைவில் ‘அன்று’ என்றால் அம்பாசிடர். 1958 தொடங்கி 2014 வரை தயாரான அந்தக் காருக்கு ஏழு அங்குல வட்ட விளக்கு இரண்டு. பழைய மாடல்களில் டிம் அடிக்கும் சுவிட்சு ஸ்டியரிங் பக்கத்தில் இருக்காது. கிளட்சுக்கு இடப்பக்கம், தரையில் ஒரு பொத்தானாக இருக்கும். இடதுகாலால் ஒரு மிதி மிதித்தால் டிம், இன்னொரு மிதிக்கு பிரைட். மின்சாரம் தந்தது டைனமோ. எஞ்சின் வேகம் குறைந்தால் டைனமோவும் சோர்ந்துவிடும். ரயில்வே கேட்டில் நிற்கும்போது விளக்கு செம்மஞ்சளாக மங்கும், ஆக்சிலேட்டரை மிதித்ததும் மறுபடி வெளுக்கும். சாதாரண டங்ஸ்டன் பல்பு வேறு. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியின் உட்புறத்தில் போய்ப் படிய, பல்பு நாளுக்கு நாள் கறுக்கும். குற்றாலத்துச் சாரலில் நனைந்து நனைந்து விளக்குக்குள் ஈரம் புகுந்துவிட்டால் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சும் உரிந்துபோகும். பல்பு புதிது, ரிஃப்ளெக்டர் பழையது என்று ஓடிய கார்களுக்குக் கணக்கில்லை.

அந்த மங்கல் விளக்குகளைப் புகழ நான் வரவில்லை. சிவப்பு விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதிச் செத்தவர்கள் அன்றைக்கும் உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லார் விளக்கும் மங்கலாக இருந்ததால், இருட்டை எல்லாரும் சேர்ந்தே சமாளித்தார்கள். இருவழிச் சாலையில் தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததுமே கால் பொத்தானுக்குப் போகும். எதிராளி டிம் அடிக்கத் தாமதித்தால் ஒரு முறை மினுக்கிக் காட்டுவார்கள். அவரும் இறக்குவார். “எதிர்ல வாறவனுக்குக் கண்ணு கூசுச்சுன்னா அவன் நம்ம மேலதாம்லே வருவான்” என்று கிளீனர் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற டிரைவர்கள் இருந்தார்கள். இதில் பெரிய தருமம் எதுவும் இல்லை, வெறும் கணக்கு. ஆனால் சரியான கணக்கு.

பிறகு ஹாலஜன் வந்தது. ஐரோப்பாவில் முதல் ஹாலஜன் கார் பல்பு 1962இல். இரண்டு இழைகளும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் எச்4 வகை 1971இல். நம் பக்கத்துக் கடைகளுக்கு அது வந்து பரவ இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. அயோடின் அல்லது புரோமின் கலந்த வாயு, ஆவியான டங்ஸ்டனைக் கண்ணாடியில் படிய விடாமல் திரும்ப இழைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால் பல்பு கறுப்பதில்லை. இழையை இன்னும் சூடாக்கி இன்னும் வெண்மையாக எரிக்கலாம். பழைய 45/40 வாட் பல்பிலிருந்து 60/55 வாட் எச்4க்கு மாறிய அன்றைய டிரைவருக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக்கூடாது என்ற பாடமும் அப்போது வந்ததுதான். விரலின் எண்ணெய் ஒட்டிய இடம் அதிகம் சூடாகி அங்கேயே வெடிக்கும்.

அந்த எச்4 பல்பைக் கையில் எடுத்துக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது முழுக்க அதற்குள் இருக்கிறது. டிம் இழைக்கு அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும். அந்த இழையின் ஒளி கீழ்நோக்கிப் போகாமல் அது தடுக்கிறது. ஆக, ஒளி ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கத்தியால் வெட்டியது போன்ற ஒரு கோடு. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால் அந்தக் கோடு இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலேறும். ஓரத்தில் நடக்கிறவர் தெரிய வேண்டும், எதிரே வருகிறவர் கண்ணில் படக்கூடாது. ஐந்து மில்லிமீட்டர் சொச்ச நீளத்து இழை, ரிஃப்ளெக்டரின் குறிப்பிட்ட ஒரு புள்ளியில் நிற்பதை நம்பித்தான் இவ்வளவும் நடக்கிறது. எச்4இன் பிரைட் இழைக்கு வெளிச்சம் 1650 லூமன், டிம் இழைக்கு 1000 லூமன், கூடக் குறைய 15 சதவீதம் என்று சர்வதேச அளவு வைத்திருக்கிறார்கள். அந்த 1000 லூமன் எங்கே விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது பல்பின் வடிவம்.

நாம் அதோடு நிற்கவில்லை. அடுத்து வந்தது 100/90 வாட் மோகம். பட்டறைக்குப் பட்டறை அதைப் போட்டார்கள். 60 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும்; 100 வாட் என்றால் எட்டுக்கு மேல். இரண்டு பல்புக்கும் சேர்த்து ஏறத்தாழ 17 ஆம்பியர், கம்பெனி போட்ட ஒல்லியான ஒயரில். ஹோல்டர் உருகும், சுவிட்சு காயும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் பொசுங்கும். அப்போதுதான் ரிலே போடும் பழக்கம் பரவியது. பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் நேராக விளக்குக்கு. பழைய சுவிட்சு ரிலேயை மட்டும் இயக்கும். நல்ல எலக்ட்ரீசியன்கள் அன்றைக்கே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: ரிலே போட்டால், பழைய 60/55 பல்பே பளிச்சென்று எரிகிறது.

அதற்குக் காரணம் உண்டு. இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர்விகிதத்தில் போவதில்லை. வோல்ட்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் இறங்கிவிடும். துருப்பிடித்த எர்த், தளர்ந்த கனெக்டர், டேஷ்போர்டு சுற்றி வருகிற நீளமான ஒயர் எல்லாம் சேர்ந்து ஒரு வோல்ட்டை வழியிலேயே தின்றுவிட்டால், மங்குகிற பழி பல்பின் மேல் விழுகிறது. ‘வெளிச்சம் போதவில்லை’ என்று வருகிற பழைய கார்களுக்கு இதுதான் முதல் சிகிச்சை என்பது என் உறுதியான கருத்து. பல்பு முனையில் மீட்டர் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை இன்றைக்கு யாரும் கொடுப்பதில்லை என்பதே வருத்தம்.

ஏனென்றால் இன்றைய பதில் எல்.இ.டி. பழைய பல்பைக் கழற்று, அதே ஓட்டையில் எல்.இ.டி.யைச் செருகு, முடிந்தது. வெள்ளை வெளேரென்று எரியும், கரண்டும் குறைவு. பெட்டியின் மேல் 20,000 லூமன் என்று அச்சடித்திருக்கும். கணக்குப் போட்டால் புரியும்: நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமன் தரும். 30 வாட் பல்பு எப்படிப் பார்த்தாலும் நான்காயிரத்து ஐந்நூறைத் தாண்டாது. அதுவும் சூடேற ஏறக் குறையும். பின்னால் சுற்றுகிற சின்ன மின்விசிறி தூசியில் நின்றுவிட்டால் இன்னும் குறையும்.

லூமன் பொய்யைக்கூட விட்டுவிடலாம். வடிவம்தான் பெரிய சிக்கல். இழை எல்லாப் பக்கமும் ஒளி விடும் மெல்லிய உருளை. எல்.இ.டி. தட்டையான தகடு, இரண்டு பக்கம்தான் ஒளி விடும், நடுவில் தகட்டின் கனம் இருக்கும். சிப்பு இழை இருந்த இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ரிஃப்ளெக்டர் ஏமாந்துபோகும். கத்தி வெட்டுப் போன்ற அந்தக் கோடு கலைந்து, ஒளி மேலே சிதறும். கடிகாரத்தின் 3 மணி, 9 மணித் திசையில் சிப்புகள் பார்க்கும்படி திருப்பிப் பொருத்தினால் கொஞ்சம் சரியாகும். அந்தப் பொறுமையோடு பொருத்துகிற கடைகள் குறைவு. கார் கம்பெனியே எல்.இ.டி.க்கென்று லென்ஸ் வடிவமைத்துத் தருகிற விளக்குகளை நான் சொல்லவில்லை. 2007இல் லெக்சஸ் காரில் தொடங்கிய அந்த வகை விளக்குகள் அருமையானவை. கோடு சுத்தமாக நிற்கும். நான் சொல்வது ஹாலஜனுக்காகச் செய்த கூட்டில் எல்.இ.டி.யைச் செருகுவதைப் பற்றி. ஜெர்மனியில் 2020இல் முதன்முதலாக ஆஸ்ராம் கம்பெனியின் அப்படிப்பட்ட பல்புக்கு அனுமதி கிடைத்தபோதுகூட, எந்தெந்தக் கார் மாடலில் எந்த விளக்கில் போடலாம் என்று சோதித்து, பட்டியல் போட்டுத்தான் கொடுத்தார்கள். இங்கே எந்தக் காருக்கும் எந்தப் பல்பும் போகிறது.

போட்டவருக்கு ஏன் அது நன்றாகத் தெரிவதாகத் தோன்றுகிறது? காருக்கு முன்னால் பத்து மீட்டர் பளீரென்று வெளுத்துப்போகிறது. அந்த வெளுப்பைப் பார்த்ததும் மனசுக்குத் தைரியம் வருகிறது. ஆனால் கிட்டத்து வெளிச்சம் கூடக்கூட, கண் அதற்கேற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. தூரத்தில் இருட்டோடு இருட்டாக நிற்பது இன்னும் மங்கிப்போகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகும். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்கே 25 மீட்டர் போய்விடும். நனைந்த சாலையில் வண்டி நிற்க இன்னொரு 35 மீட்டர். ஆக, 60 மீட்டருக்கு அப்பால் இருப்பது தெரிந்தால்தான் பிழைக்கலாம். பத்து மீட்டர் வெளுப்பு அங்கே ஒன்றுக்கும் உதவாது.

சாரலில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். காய்ந்த தார்ச்சாலை சொரசொரப்பாக இருப்பதால் விளக்கின் ஒளியில் கொஞ்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும். மேலே தண்ணீர்ப் படலம் படிந்ததும் சாலை கண்ணாடியாகிவிடுகிறது. ஒளி முன்னோக்கி வழுக்கிக்கொண்டு போய், எதிரே வருகிறவர் கண்ணில் ஏறுகிறது. இரண்டு மடங்கு வெளிச்சம் போட்டால் நமக்குக் கிடைப்பது கொஞ்சம், அவருக்குப் போய்ச் சேர்வது நிறைய. கேரள எல்லையை ஒட்டிய புளியரை தாண்டி மலையேறும்போது மேகம் சாலைக்கே இறங்கிவிடும் நாட்களில் பிரைட் போட்டால், கண்முன் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கும். எத்தனை வாட் போட்டாலும் அந்தச் சுவர்தான் வெளுக்கும்.

மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை இங்கே பலருக்கும் உண்டு. பிரான்சில் 1936இல் ஆணை போட்டு, 1993 வரை எல்லாக் கார்களுக்கும் மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கி வைத்திருந்தார்கள். ஆனால் மேகத்தின் நீர்த்துளி ஒளியின் அலைநீளத்தைவிட எவ்வளவோ பெரியது. அது மஞ்சள், வெள்ளை என்று பார்த்துச் சிதறடிப்பதில்லை. நீலம் குறைந்த ஒளி கண்ணை அவ்வளவாக உறுத்தாது என்பது மட்டும் உண்மை. அதனால் நீலச் சாயல் பல்பைக் கேட்டு வாங்குவது எனக்குப் பெரிய வேதனை. டங்ஸ்டன் 3422 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். 6000 கெல்வின், அதாவது அதைவிட எவ்வளவோ அதிகச் சூட்டின் வெண்மையில் எரிகிற டங்ஸ்டன் இழை உலகத்தில் இல்லை. அப்படிச் சொல்லி விற்கும் ஹாலஜன் பல்பு, கண்ணாடியில் நீலம் பூசி, வெளிச்சத்தில் ஒரு பங்கை உள்ளேயே வடிகட்டிவிட்டு வருகிற பல்பு. காசு கொடுத்து இருட்டை வாங்குகிறோம்.

புளியரையைப் பற்றிப் பேசும்போது, அங்குள்ள எஸ் வளைவில் 2024 பிப்ரவரி 25 அதிகாலையில் நடந்ததை விட்டுவிட முடியாது. கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி அந்தப் பக்கத்தில் சாலையிலிருந்து உருண்டு, கீழே ரயில் தண்டவாளத்தில் போய் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். சத்தம் கேட்டு எழுந்த வயதான தம்பதி, கையில் டார்ச் லைட்டோடு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். அந்தத் தம்பதிக்குத் தமிழக முதலமைச்சர் ஐந்து லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார். ஒரு ரயிலை நிறுத்த ஒரு டார்ச்சு போதுமாக இருந்தது. அது எங்கே தெரிய வேண்டுமோ அங்கே தெரிந்தது, அவ்வளவுதான்.

கார்த்திகை பிறந்தால் இதே சாலைக்கு வேறொரு கூட்டம் வரும். ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஆரியங்காவு, அச்சன்கோவில் பக்கம் போவார்கள். வேனிலும் காரிலும் போகிறவர்கள் ஒருபுறம், நடந்தே போகிறவர்கள் ஒருபுறம். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, தலையில் இருமுடி. கறுப்புத் துணி விளக்கொளியில் மிகக் கொஞ்சத்தைத்தான் திருப்பித் தரும். இந்த இடத்தில் பல்பைவிட, போலீஸ்காரர்கள் பாதயாத்திரைக்காரர்களின் பையிலும் கம்பிலும் ஒட்டிவிடுகிற ஒளிரும் ஸ்டிக்கர் எவ்வளவோ மேல். அந்த ஸ்டிக்கர், வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். சாதாரண டிம் வெளிச்சத்திலேயே வெகுதூரத்தில் மின்னும்.

சாலையே மாறியிருப்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முன்பு ஓரத்துப் புளியமரங்களின் அடியில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை அடித்திருப்பார்கள். அந்தப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சத்தில் எழுந்துவருவதை வைத்துத்தான் வளைவைக் கண்டுபிடித்தோம். திருநெல்வேலி–தென்காசிச் சாலையை நான்குவழியாக அகலப்படுத்தியபோது மரங்கள் பல போயின. இன்று நடுவில் தடுப்பு, சாலையில் பதித்த ஒளிரும் குமிழ்கள், வளைவில் அம்புக்குறிப் பலகைகள். மரம் போனதில் எனக்கு ஆறுதல் கிடையாது. ஆனாலும் அதே விளக்கில் இன்று முன்னைவிடத் தூரம் தெரிகிறது என்றால், பாதிக் காரணம் பல்பு அல்ல, திருப்பித் தரும் சாலை.

கண் கூச்சத்துக்குச் சட்டம் இல்லாமலில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 106ஆம் விதி மிக நுணுக்கமானது. விளக்குக்கு எட்டு மீட்டர் முன்னால், அதன் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழே சாய்ந்திருக்க வேண்டும் என்கிறது. எதிரே வருகிறவரின் கண்ணுக்கே ஓர் இடம் குறித்து எழுதிய விதி! 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. நடைமுறையில் நம் பக்கம் பார்த்ததெல்லாம் கறுப்பு ஸ்டிக்கர்தான். முன்பு லாரி விளக்கின் மேல்பாதியில் கறுப்புப் பெயின்ட் அடிப்பார்கள். பிறகு போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி விளக்கின் நடுவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் எச்4 விளக்கில் டிம் ஒளி வருவதே ரிஃப்ளெக்டரின் மேல்பாதியிலிருந்து. மேல்பாதியைக் கறுப்படித்தால் யாரையும் கூசச் செய்யாத டிம் குறைந்து, கூசச் செய்யும் பிரைட்டின் கீழ்ப்பாதி மிஞ்சும்.

எதிரே வருகிற அந்தக் கண் யாருடையது என்பதும் முக்கியம். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேர்கிறது. கண்புரை தொடங்கியிருந்தால் எதிர்விளக்கு கண்ணுக்குள்ளேயே சிதறி, திரை போல விரியும். கூசிய கண் தெளியவும் நேரம் பிடிக்கும். டி.வி.எஸ். 50இல் பால்கேன் கட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்புகிறவர், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், இவர்களில் எத்தனை பேர் அந்த வயதுக்காரர்கள்! சீசனுக்கு வருகிற நாம் இரண்டு நாளில் போய்விடுவோம். அவர்கள் தினமும் அந்தச் சாலையில் போக வேண்டியவர்கள்.

சரி, விளக்கு போதவில்லை என்று உண்மையிலேயே தோன்றுகிறவர் என்ன செய்வது? முதலில் விளக்கின் முகத்தைப் பாருங்கள். பழைய கண்ணாடி முகம் மங்காது. இப்போதைய பாலிகார்பனேட் முகம் வெயிலில் மஞ்சளித்துப் புகைபடியும். அப்படிப் புகைபடிந்த விளக்கு, புதிதாக இருந்தபோது தந்ததில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் தருகிறது என்று அமெரிக்க மோட்டார் சங்கம் 2018இல் சோதித்துச் சொன்னது. தேய்த்துப் பாலிஷ் போட்டால் பெரும்பகுதி திரும்பிவிடும். அடுத்து முன்கண்ணாடியின் உட்புறம். அங்கே படிந்திருக்கும் மெல்லிய எண்ணெய்ப்படலமும், தேய்ந்துபோன வைப்பர் ரப்பரும் சாரலில் செய்கிற கெடுதலை எந்தப் பல்பும் சரிக்கட்டாது. பிறகு ஒயரிங்.

இவ்வளவுக்கும் பிறகு பல்பு மாற்றத்தான் வேண்டும் என்றால், கம்பெனி சொன்ன அதே வகை, அதே 60/55 வாட். பெயருள்ள கம்பெனிகளிடம் ‘130 சதவீதம் கூடுதல்’, ‘150 சதவீதம் கூடுதல்’ என்று ஹாலஜன் பல்புகள் இருக்கின்றன. அந்தச் சதவீதம் சாலையின் குறிப்பிட்ட சில புள்ளிகளில், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது. மொத்த லூமன் அதே எல்லைக்குள்தான் இருக்கும். இழையை இன்னும் நெருக்கமாகச் சுற்றி, உயர் அழுத்த வாயு நிரப்பி, ஒளியைத் தூரத்துக்குக் குவிக்கிறார்கள். ஆயுள் சாதாரணப் பல்பில் பாதியோ அதற்கும் குறைவோ. ராத்திரி ஓட்டம் நிறைய இருப்பவருக்கு அந்த விலை தகும் என்பேன். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கடைசியாக, எந்தக் கடையும் காசு வாங்காத ஒரு வேலை. நிறையக் கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். ஏழு பேரும், டிக்கி நிறையச் சமையல் சாமானும் ஏறினால் வண்டியின் பின்புறம் அமுங்கி மூக்கு நிமிரும். டிம் ஒளியும் எதிராளியின் முகத்துக்கு ஏறும். அந்தச் சக்கரம் அதை இறக்குவதற்காகவே இருக்கிறது. ஊரிலிருந்து கிளம்புமுன் சமதரையில், ஒரு சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்கோடு, விளக்கின் நடு உயரத்துக்குப் பத்து சென்டிமீட்டராவது கீழே விழ வேண்டும். ஆளும் சாமானும் ஏறுவதற்கு முன்னால் ஒரு முறை பாருங்கள், எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள்.